ஏற்கெனவே தெரிந்த நோய்

மருத்துவமனைக் கோப்புகளில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு சுருக்கெழுத்து உண்டு: கே/சி/ஓ. 'நோன் கேஸ் ஆஃப்' என்பதன் சுருக்கம். இன்னாருக்கு இன்ன நோய் இருப்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம் என்று பொருள். சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது நல்லதுதான். மயங்கிக் கிடப்பவரைத் தூக்கிக்கொண்டு வந்தால் டாக்டருக்கு முதல் வரியிலேயே பாதி விஷயம் புரிந்துவிடும். ஆனால் யார் கண்டுபிடித்தார்கள், எதை வைத்துக் கண்டுபிடித்தார்கள், எவ்வளவு உறுதியாகச் சொன்னார்கள் என்பதையெல்லாம் அந்த மூன்று எழுத்து கூட எடுத்துவராது. முதல் சீட்டில் 'அநேகமாக' என்று இருந்தது இரண்டாவது சீட்டில் 'ஆமாம்' ஆகிவிடும். மூன்றாவது சீட்டில் அது வரலாறு.

என் அக்காவின் கோப்பில் 'கே/சி/ஓ மைக்ரேன்' என்று இருந்தது.

நான் சாஃப்ட்வேர் ஆள். எங்கள் வேலையிலும் இது நடக்கும். ஒரு பக் வருகிறது, முதலில் பார்ப்பவர் 'நெட்வொர்க் பிரச்சினை' என்று லேபிள் ஒட்டுகிறார். அடுத்து வருபவர் லாக்கைத் திறக்காமல் லேபிளைப் படிக்கிறார். அங்கே நஷ்டமாவது ஒரு வாரம். அக்கா விஷயத்தில் பணயம் வைக்கப்பட்டிருந்தது அவள் கண்பார்வை. அது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

அக்காவுக்கு 36 வயது. ஈரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆடி மாசம் தொடங்கிய தலைவலி புரட்டாசி வரைக்கும் போகவில்லை. கோயம்புத்தூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனார்கள். எம்ஆர்ஐ எடுத்தார்கள், 7,500 ரூபாய். மூளையில் கட்டி இல்லை, ரத்தக்கசிவு இல்லை. 'சிவியர் மைக்ரேன்' என்று சொல்லி, வராமல் தடுக்க ஒரு மாத்திரையும் வந்தால் போட ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த மூன்று மாதத்தில் இரண்டு முறை ராத்திரியில் வாந்தியோடு எமர்ஜென்சிக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டு முறையும் டியூட்டி டாக்டர் கோப்பைத் திறந்தார், அந்த மூன்று எழுத்தைப் பார்த்தார், ஊசி போட்டு அனுப்பினார். ஒருவர் மட்டும், "வீட்டுல ஏதாச்சும் டென்ஷனாம்மா?" என்று கேட்டாராம். தலைவலி என்று போகும் பெண்கள் எல்லாருக்கும் இந்தக் கேள்வி பழக்கமானது.

அந்த முதல் டாக்டரை வில்லனாக்கும் எண்ணம் எனக்கில்லை. உலகில் ஏறத்தாழ 7 பேரில் ஒருவருக்கு மைக்ரேன் இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். முப்பதுகளில் இருக்கும் ஒரு பெண் தலைவலி, வாந்தி, வெளிச்சம் பட்டால் கூச்சம் என்று வந்து உட்கார்ந்தால், மைக்ரேன் என்பது நல்ல முதல் ஊகம். பெரும்பாலான நாட்களில் சரியான ஊகமும் அதுவே. வெளியே நாற்பது பேர் டோக்கனோடு காத்திருக்கும்போது அந்த ஊகத்துக்கு மேல் போக அவருக்கு நேரமும் இல்லை.

ஆனால் வலி குறையவில்லை. அதனால் வீட்டில் சந்தேகம் வந்தது, ஆளுக்கொரு சந்தேகமாக.

பக்கத்து வீட்டு அத்தை, "மைக்ரேன்னா ஒத்தத் தலைவலி. இவளுக்கு ரெண்டு பக்கமும் வலிக்குது, அது எப்படி மைக்ரேன் ஆகும்?" என்றார். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. தமிழில் ஒற்றைத் தலைவலி என்றே பெயர் வைத்துவிட்டோம். மைக்ரேன் என்ற சொல்லும் 'பாதி மண்டை' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆனால் பெயர் வரையறை ஆகாது. சர்வதேசத் தலைவலிச் சங்கம் 2018-இல் வெளியிட்ட மூன்றாம் வகைப்பாட்டை இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மருந்து எடுக்காவிட்டால் 4 முதல் 72 மணி நேரம் நீடிக்கும் வலி, குறைந்தது 5 முறை வந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் வலிப்பது, விண்விண்ணென்று தெறிப்பது, நடுத்தரமான அல்லது கடுமையான வலி, நடந்தால் படியேறினால் கூடுவது என்ற நான்கில் இரண்டு இருந்தால் போதும். கூடவே குமட்டலோ வாந்தியோ இருக்க வேண்டும். இல்லையென்றால் வெளிச்சமும் சத்தமும் இரண்டுமே தாங்காமல் போக வேண்டும். ஒரு பக்கம் என்பது நான்கில் ஒன்று, அவ்வளவுதான். இரண்டு பக்கமும் வலிக்கும் மைக்ரேன் உண்டு.

அம்மாவின் சந்தேகம் வேறு மாதிரி. "ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லைன்னா பின்ன என்ன நோவு அது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இதுவும் நிற்காது. மைக்ரேன் எந்த ஸ்கேனிலும் தெரியாது, எந்த ரத்தப் பரிசோதனையிலும் தெரியாது. மற்றது எதுவும் இல்லை என்று காட்டத்தான் ஸ்கேன். நோயாளி சொல்லும் கதையை வைத்துத்தான் மைக்ரேன் என்று முடிவு செய்ய முடியும்.

நோயாளி சொல்லும் கதை. எனக்கு உறைத்தது அந்த இடம்தான். அக்காவின் கதையை யாராவது முழுசாகக் கேட்டிருக்கிறார்களா? ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் போட்டு, வலி எப்படி இருக்கிறது என்று கேட்காமல், ஒரு நாளைக் காலையிலிருந்து அப்படியே சொல்லச் சொன்னேன்.

"எந்திரிக்கறப்பவே ஜாஸ்தியாத்தான் இருக்கும்டா. குனிஞ்சு கோலம் போட்டா கண்ணு அப்படியே சாம்பலாப் போயிரும். ரெண்டு மூணு செகண்டுதான். நிமிந்தா தெளிஞ்சுரும்."

"இத டாக்டர்கிட்டச் சொன்னயாக்கா?"

"அவரு தலைவலியப் பத்தித்தான கேட்டாரு. கண்ணாடி பவர் மாறியிருக்கும்னு நானே நெனச்சுட்டேன்."

"வேற?"

"வேறென்ன... ராத்திரி படுத்தா காதுல மோட்டார் ஓடுற மாதிரி சத்தம். யாரோ டேங்க் மோட்டார ஆஃப் பண்ணாம விட்டுட்டாங்கன்னு உன் மச்சான எழுப்பி உட்டுட்டேன் ஒருநா. அவரு போய்ப் பாத்துட்டு வந்து திட்டுறாரு. ஆனா ஒரே இரைச்சலா இல்லடா. நாடி துடிக்கிற கணக்குல விட்டு விட்டு வருது."

கண் என்றால் கண் டாக்டர், காது என்றால் இஎன்டி, தலை என்றால் நியூரோ. உடம்பைத் துறைவாரியாகப் பிரித்துச் சொல்ல நம்மைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் அக்கா தலைவலி டாக்டரிடம் தலைவலியை மட்டும் சொல்லியிருக்கிறாள். அவரும் கேட்டதற்குள் வராத பதிலைத் தேடவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அக்கா பையனின் பழைய ரஃப் நோட்டில் எழுதினாள். கணக்கு டீச்சர் என்பதால் கட்டம் போட்டு அழகாக எழுதினாள். நேரம், படுத்திருந்தாளா நின்றிருந்தாளா குனிந்தாளா, வலி பத்துக்கு எத்தனை, கண், காது, போட்ட மாத்திரை. மூன்று வாரம் முடிந்ததும் இரண்டு விஷயம் தெளிவாக இருந்தது. ஒன்று, படுத்து எழும்போதும் குனியும்போதும் இருமும்போதும் வலி கூடியது. இரண்டு, 21 நாளில் 16 நாள் வலி மாத்திரை போட்டிருந்தாள்.

நான் வகைப்பாட்டை மறுபடி திறந்தேன். மைக்ரேன் பட்டியலின் கடைசி வரியை முதல் தடவை சாதாரணமாகக் கடந்து போயிருந்தேன். இந்த வலியை இதைவிட நன்றாக விளக்கும் வேறு நோய் இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதாவது மைக்ரேன் என்று சொல்வதற்கான நிபந்தனைகளில் ஒன்றாகவே சந்தேகத்தையும் எழுதி வைத்திருக்கிறார்கள். 'வேறு ஏதாவது இருக்குமா?' என்று நோயாளி கேட்பது டாக்டரை அவமதிப்பது ஆகாது. அந்த வரியைத் திருப்பி வாசிக்கச் சொல்வதுதான் அது.

ஆனால் எப்படிக் கேட்பது என்பதில் விஷயம் இருக்கிறது. நெட்டில் படித்துவிட்டு ஒரு நோயின் பெயரோடு போனால், அடுத்த ஐந்து நிமிடமும் அந்தப் பெயரைப் பற்றிய வாக்குவாதத்தில் போய்விடும். "கூகுள் பாத்துட்டு வந்தீங்களா?" என்ற கேள்வி வந்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதனால் இரண்டாவது டாக்டரிடம் போகும்போது எந்த நோயின் பெயரையும் சொல்வதில்லை என்று நானும் அக்காவும் பேசி வைத்துக்கொண்டோம். ஒரு பக்கத் தாளில் ஐந்து வரி. கடைசியில் ஒரு கேள்வி: "இதெல்லாம் மைக்ரேன்ல வருமாங்க டாக்டர்? வராதுன்னா எதைப் பாத்தா தெரியும்?"

அவர் வயதான நியூராலஜிஸ்ட். கோயம்புத்தூரிலேயே சின்ன கிளினிக். தாளை இரண்டு முறை படித்தார். சத்தம் நாடியோடு வருகிறது என்ற வரியில் பேனாவால் கோடு போட்டார். அக்காவின் பழைய எம்ஆர்ஐ கவரை எடுக்கவே இல்லை. லைட்டை அணைக்கச் சொல்லிவிட்டு, மேசை டிராயரிலிருந்து டார்ச் மாதிரி ஒரு கருவியை எடுத்து அக்காவின் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தார். வலது கண், இடது கண், மறுபடி வலது. எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் இருக்கும்.

"ரெண்டு கண்ணுலயும் நரம்பு வீங்கியிருக்கும்மா. நாளைக்குன்னு தள்ளாதீங்க. இன்னிக்கே கண் ஆஸ்பத்திரில சொட்டு மருந்து விட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்றார்.

அந்தக் கருவியின் பெயர் ஆப்தால்மோஸ்கோப். ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் உலகுக்கு அறிமுகப்படுத்தியது. எம்ஆர்ஐக்கும் அதற்கும் நடுவில் நூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி. உயிரோடு இருக்கும் ஒரு மனிதரின் நரம்பை, உடம்பைக் கீறாமல், நேரடியாகப் பார்க்கக்கூடிய இடம் கண்ணின் பின்புறம்தான். பார்வை நரம்பைச் சுற்றியிருக்கும் உறை, மூளையைச் சுற்றியிருக்கும் உறையின் தொடர்ச்சி. மண்டைக்குள் அழுத்தம் கூடினால் அது அந்த உறை வழியாக வந்து நரம்பின் முனையை வீங்க வைக்கும். 7,500 ரூபாய்ப் படத்தில் பிடிபடாதது இந்த டார்ச் வெளிச்சத்தில் பிடிபட்டதற்குக் காரணம் இதுதான்.

மண்டைக்குள் அழுத்தம் ஏன் கூட வேண்டும்? மூளையும் தண்டுவடமும் ஒரு திரவத்தில் மிதக்கின்றன. பெரியவர்களுக்கு எந்த நேரத்திலும் சுமார் 150 மில்லி இருக்கும். ஆனால் ஒரு நாளைக்குச் சுரப்பது ஏறத்தாழ 500 மில்லி. அப்படியென்றால் ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் பழையது வடிந்து புதியது வர வேண்டும். வடிகாலில் தடை வந்தால் அழுத்தம் ஏறும். மூளையிலிருந்து ரத்தத்தை வெளியேற்றும் சிரைகளில் ரத்தம் உறைந்தாலும் இதே அறிகுறிகள் வரும், அது உடனடி ஆபத்து. அதனால் முதலில் சிரைகளைக் காட்டும் எம்ஆர்வி எடுத்தார்கள். உறைவு எதுவும் இல்லை.

அடுத்து முதுகில் ஊசி. அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். தண்டுவடத்தில் குத்தினால் கால் வராமல் போய்விடும் என்று எல்லா ஊரிலும் ஒரு கதை இருக்கிறது. உண்மையில் தண்டுவடம் முடியும் இடத்துக்கும் கீழே, வெறும் திரவமும் நரம்பு இழைகளும் இருக்கும் இடத்தில்தான் அந்த ஊசியைச் செலுத்துவார்கள். குவின்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் 1891-இல் தொடங்கி வைத்த முறை. அக்காவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஊசியோடு ஒரு குழாயை நிறுத்தி, திரவம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்த்தார்கள். 25 சென்டிமீட்டருக்கு மேல் போனால் அதிகம் என்று கணக்கு. 34 வந்தது.

இடியோபதிக் இன்ட்ராக்ரேனியல் ஹைப்பர்டென்ஷன். காரணம் தெரியாமல் மண்டைக்குள் அழுத்தம் கூடும் நோய். வால்டர் டேண்டி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1937-இல், மூளையில் கட்டி இல்லாமலே அழுத்தம் கூடிய 22 பேரைப் பற்றி எழுதியதிலிருந்து இதற்கான அளவுகோல்கள் தொடங்குகின்றன. குழந்தை பெறும் வயதில் இருக்கும், சமீபத்தில் எடை கூடிய பெண்களுக்குத்தான் பெரும்பாலும் வருகிறது. கவனிக்காமல் விட்டால் பார்வை போகும், போனது திரும்பாமலும் போகும்.

பிறகு பழைய எம்ஆர்ஐ ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தோம். இரண்டாவது பத்தியில் ஒரு வரி இருந்தது: 'பார்ஷியலி எம்ப்ட்டி செல்லா'. பிட்யூட்டரி சுரப்பி உட்கார்ந்திருக்கும் எலும்புக் குழி பாதி காலியாகத் தெரிகிறது என்று அர்த்தம். ஒரு தொந்தரவும் இல்லாதவர்களுக்கும் அப்படி இருக்கும். ஆனால் குனிந்தால் கண் மங்குகிறது, நாடியோடு காது இரைகிறது என்ற வரிகளை அதன் பக்கத்தில் வைத்தால் அதன் அர்த்தம் மாறிவிடுகிறது. படமெடுத்தவருக்கு அந்த வரிகள் தெரியாது. படம் எடுக்கச் சொன்ன சீட்டில் 'தலைவலி' என்று ஒற்றைச் சொல்தான் இருந்தது.

அசிட்டசோலமைட் மாத்திரை கொடுத்தார்கள். திரவம் சுரப்பதைக் குறைக்கும். விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்வது போல இருக்கும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டும் நடந்தது. எடையைக் குறைக்கவும் சொன்னார்கள். இரண்டு வருஷத்தில் 11 கிலோ கூடியிருந்தாள். ஊரில் கல்யாண வீட்டுக்குக் கல்யாண வீடு கேட்டுக் கேட்டு அவளுக்குப் புண்ணாகிப்போன பேச்சு அது. அந்த வயதான டாக்டர் அதைச் சொன்ன விதம் வேறாக இருந்தது. "இது உங்க தப்புன்னு சொல்லலம்மா. மாத்திரை ஒரு மருந்து, எடை குறையறது இன்னொரு மருந்து. ரெண்டும் சேந்தாத்தான் வேலை செய்யும்" என்றார். மாத்திரையை நேரத்துக்குப் போடுவது போலவே காலையில் நடக்கவும் தொடங்கினாள் அக்கா.

ஆறு மாதத்தில் நரம்பு வீக்கம் வடிந்தது. காதில் மோட்டார் நின்றது. இடது கண்ணில் மூக்கை ஒட்டிய கீழ்ப்பக்கம் மட்டும் கொஞ்சம் மங்கலாகவே நின்றுவிட்டது. பார்வைப் புல சோதனையின் தாளில் அந்த இடம் கறுப்பாக வருகிறது. இனி அது வெளுக்காது.

கதையை இங்கே நிறுத்தினால், ஆஸ்பத்திரி தப்பு, சந்தேகப்பட்ட நாங்கள் சரி என்று முடிந்துவிடும். நடந்தது அப்படி இல்லை. அழுத்தம் இறங்கிய பிறகும் மாதத்தில் ஐந்தாறு நாள் அக்காவுக்குத் தலைவலி வந்தது. வாந்தி, வெளிச்சம் ஆகாமை எல்லாம் இருந்தது. கண் நரம்பு சுத்தமாக இருந்தது. அந்த டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "இது மைக்ரேன்தான்மா. முன்னாடியும் இருந்திருக்கும். ரெண்டும் சேந்து இருக்கறது சகஜம்." மாதத்தில் 15 நாளுக்கு மேல் சாதாரண வலி மாத்திரையை மூன்று மாதத்துக்கு மேல் விழுங்கினால் அந்த மாத்திரையாலேயே தலைவலி வரும் என்பதால், அதிலும் ஒரு பங்கு இருந்திருக்கும் என்றார். ஆக, முதல் டாக்டர் சொன்ன சொல் பொய்யில்லை. அந்தச் சொல்லோடு தேடல் நின்றுபோனதுதான் ஆபத்தாக முடிந்தது.

எதிர்த்திசையிலும் ஒரு கதை எனக்குத் தெரியும். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் ஆறு வருஷமாகத் 'சைனஸ்' தலைவலிக்காரர். ஆவி பிடிப்பார், ஏசிக்குக் கீழே உட்கார மாட்டார். மைக்ரேன் என்று சொன்ன மூன்று டாக்டர்களையும் அவர் நம்பவில்லை. அமெரிக்காவில் தங்களுக்குச் சைனஸ் தலைவலி என்று சொன்ன 2,991 பேரைச் சோதித்து 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், 88 சதவீதம் பேரின் வலி மைக்ரேன் வகைதான் என்று தெரிந்தது. மைக்ரேனிலும் மூக்கு ஒழுகும், கண்ணில் நீர் வரும். அவருக்கும் கடைசியில் மைக்ரேன் மருந்துதான் கேட்டது. அவர் சந்தேகம் எங்களுடையதைவிடப் பெரியது, பல வருஷம் நீடித்தது. ஆனால் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியாக அது மாறவே இல்லை. 'எனக்கு நம்பிக்கை இல்லை' என்பதோடு அது ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசலிலும் நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியை மாற்றிக்கொண்டே இருப்பதை நாம் தேடல் என்று நினைத்துக்கொள்கிறோம். அதே கோப்பை எடுத்துக்கொண்டு இன்னும் பெரிய கட்டடத்துக்குப் போனால், இன்னும் பெரிய கட்டடத்தில் அதே மூன்று எழுத்தைப் படிப்பார்கள். மாற வேண்டியது நாம் கொண்டுபோகும் தகவல். எப்போது வருகிறது, படுத்தால் கூடுகிறதா நின்றால் கூடுகிறதா, இதற்கு முன் வந்த வலிகளிலிருந்து எப்படி வேறுபடுகிறது, தலைக்கு வெளியே உடம்பில் வேறு என்ன நடக்கிறது. நின்றால் கூடி, படுத்தால் குறையும் வலிக்கு அக்காவுடையதற்கு நேர் எதிரான காரணம் இருக்கலாம். திரவம் எங்கேயோ கசிந்து அழுத்தம் குறைந்திருக்கலாம். அதற்கும் மைக்ரேன் என்ற பெயரே கிடைப்பதுண்டு.

சில வலிகளுக்கு நோட்டுப் போட்டு எழுதும் அவகாசம் கிடையாது. இடி விழுந்தது போல ஒரே நிமிடத்துக்குள் உச்சிக்குப் போகும் வலி, காய்ச்சலும் கழுத்து இறுக்கமும் சேர்ந்த வலி, கை கால் அல்லது பேச்சு குழறும் வலி, பார்வை போகும் வலி. இவற்றுக்கு அன்றைக்கே ஓட வேண்டும். 50 வயதுக்கு மேல் முதன்முதலாக வரும் தலைவலியையும், கர்ப்ப காலத்திலோ பிரசவத்தை ஒட்டியோ புதிதாக வரும் தலைவலியையும் பழைய பெயரில் சேர்த்துவிடக் கூடாது.

அக்கா இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணுக்குச் சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு வருகிறாள். அன்று மட்டும் மச்சான் கூடப் போக வேண்டும், திரும்பி வரும்போது எல்லாம் மங்கலாகத் தெரியும் என்பதால். ஸ்டாஃப் ரூமில் யாராவது தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் முன்பெல்லாம் தன் பையிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுப்பாளாம். போன வாரம் போனில் சொன்னாள், புதிதாக வந்த தமிழ் டீச்சருக்கு மூன்று வாரமாகத் தலைவலியாம்.

"நீ என்னக்கா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலடா, கேட்டேன். குனிஞ்சா என்ன ஆகுது, படுத்தா என்ன ஆகுது, காதுல ஏதாச்சும் கேக்குதான்னு. இல்லீங்கறா. செரி, எதுக்கும் ஒரு நோட்டு வாங்கி எழுது சாமின்னு சொல்லியிருக்கேன்."